முப்பத்தெட்டு நிமிஷம்

பொங்கியண்ணன் ரூபனின் சட்டைக் காலரைப் பிடித்தபோது, அப்பாவின் கழுத்தில் இருந்த குழாயை எப்படி எடுப்பது என்று கதிர்வேல் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கட் பண்ண வேண்டாம். சைடுல சின்னதா ஒரு பலூன் தொங்கும் பாருங்க. ஊசி இல்லாத சிரிஞ்சை அதுல மாட்டிக் காத்தை உறிஞ்சிருங்க. கயித்த அவுத்தா தானா வந்துரும். அப்பறம் பஞ்சை வெச்சுப் பிளாஸ்திரி ஒட்டிருங்க."

"சரிங்க டாக்டர்."

வாசலில் சத்தம் ஏறியது. கதிர்வேல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பாதி கட்டிய பந்தலுக்கு அடியில் அவன் மாமன் பொங்கியண்ணன், நீலச் சட்டைக்காரன் ஒருவனின் காலரை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். மாமனுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த ஆளுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். அவன் நினைத்தால் ஒரு தள்ளில் விடுபட்டிருப்பான். ஆனால் அவன் வலது கையில் ஒரு கறுப்புப் பை இருந்தது, அது கீழே விழுந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தான்.

"என்ற மச்சானைக் கொன்னுபோட்டு இப்ப எதுக்குடா பொட்டியத் தூக்கிட்டு வாரே?"

"ஐயா, மெஷின் நின்னுருச்சுன்னு போன் வந்துதுங்க. மாத்து மெஷின் கொண்டாந்திருக்கேனுங்க. பேஷன்ட் எங்கீங்க? கையில பம்ப் பண்ணிட்டு இருக்காங்களா?"

அப்போதுதான் அவன் பந்தலைப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டான். அவன் கை தளர்ந்து பை மெதுவாகத் தரையில் இறங்கியது.

"நாந்தான் போன் பண்ணுனேன்," என்றார் பொங்கியண்ணன். "பொட்டியில ஒட்டியிருந்த நம்பருக்கு. செத்துப்போச்சுன்னு சொன்னா நீ வருவியா? அதான் நின்னுபோச்சுன்னு மட்டும் சொன்னேன்."

"மாமா, உடுங்க அவரை."

"எதுக்கு உடோணும்? கரண்டு போனாலும் பேட்டரி நாலு மணி நேரம் நிக்கும்னு இவிய ஆபீஸ்ல சொன்னாங்களா இல்லியா? நீதான மாப்ளே என்றகிட்டச் சொன்னே? ரெண்டு மணி நேரம்கூட நிக்கல. மிஷினைக் குடுக்க மாட்டோம்டா. ஏட்டு நம்ம பக்கத்துத் தோட்டத்துக்காரன். ஒரு போன் அடிச்சன்னா வந்துருவான். கேஸ் போட்டு உங்க கம்பெனிய இழுத்துச் சாத்தாம உட மாட்டேன்."

பந்தலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் குரலைத் தாழ்த்தாமல் பேசிக்கொண்டார்கள்.

"கம்ப்ரசர் மெக்கானிக் ஊடு. வெள்ளகோயில் பூராவும் இருக்கற மிஷினெல்லாம் ஓட்டிப்போடறான். சொந்த ஊட்டுல ஒண்ணு நின்னுபோச்சு பாரு."

"மெதுவாப் பேசுய்யா, காதுல உழுந்துரும்."

"உழுகட்டுமே. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

காதில் விழுந்தது. கதிர்வேல் மாமனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "மெஷினை மொதல்ல நான் பாத்துப்போடறேன் மாமா. ஏன் நின்னுதுன்னு தெரியாம யார் மேல கேஸ் போடறது? பாத்துட்டுச் சொல்றேன். அது வரைக்கும் ஏட்டுக்குப் போன் பண்ணாதீங்க."

"பாரு. பாத்துப்போட்டுச் சொல்லு. நான் இங்கயேதான் இருப்பேன்."

கூடத்தைத் தாண்டித்தான் அப்பாவின் அறைக்குப் போக வேண்டும். கூடத்தின் நடுவில் நஞ்சுண்டன் கிடத்தப்பட்டிருந்தார். நாற்பது வருஷம் எண்ணெய் மில்லில் எடைமேடை பார்த்தவர். கடைசியில் அவரே முப்பத்தொன்பது கிலோதான் இருந்தார். தலைமாட்டில் அம்மா சென்னியம்மாள். சுற்றிலும் பெண்கள். அம்மா அழுதுகொண்டே, வந்தவர்களிடமெல்லாம் காலையில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோபியிலிருந்து சித்தப்பன் ஊட்டுக்காரங்க பாக்க வந்தாங்க... வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா, தோசை ஊத்துனேன்... சட்டினிக்கு மிக்சியப் போட்டேன், அதும் நின்னுபோச்சு... எல்லாம் நின்னுபோச்சே... வாசல் வரைக்கும் போயி அனுப்பிப்போட்டு வந்து பாத்தா, இந்தச் சாமி கண்ணை முழிச்சுட்டே கெடக்குதே..."

கதிர்வேல் இதைப் பன்னிரண்டு மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அழுகையின் ஒரு பகுதியாகவே அது காதில் விழுந்து போனது.

மூன்று மாதத்துக்கு முன்னால், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷினில் போட்டபோது, கதிர்வேல் முதலில் கேட்ட கேள்வி அப்பா பிழைப்பாரா என்பதல்ல. "இது எதுலீங்க ஓடுது?" என்றுதான் கேட்டான். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொண்ட வெங்கடலட்சுமி என்ற பெண் இன்ஜினியர் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சிரித்தார். சுவரைக் காட்டினார். ஒரு துளையில் நாலு கிலோ அழுத்தத்தில் காற்று, பக்கத்துத் துளையில் ஆக்சிஜன். மூச்சைத் தள்ளுவது சுவரிலிருந்து வரும் அந்த அழுத்தம்தான், எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று யோசிக்க மட்டும் கரண்ட் என்றார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு கம்ப்ரசர் அறை இருக்கிறது என்று அவர் சொன்னபோது கதிர்வேலுக்கு மனசு கொஞ்சம் லேசானது. கம்ப்ரசர் அவனுக்குத் தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு வரும்போது ஆம்புலன்சில் இருந்தது வேறு சாதி. கையடக்கப் பெட்டி, ஒயரே கிடையாது. சிலிண்டர் ஆக்சிஜனின் அழுத்தத்திலேயே ஓடியது. வீட்டுக்கு வாடகைக்கு எடுத்தது மூன்றாவது சாதி. அதற்குள் ஒரு சின்ன டர்பைன். அறைக் காற்றை அதுவே இழுத்து அதுவே தள்ளும். அதற்குச் சிலிண்டரும் வேண்டாம், சுவரில் துளையும் வேண்டாம். கரண்ட் மட்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் வென்டிலேட்டர் என்று ஒரே பெயரைச் சொன்னார்கள்.

வாடகைக் கம்பெனி முதலில் அனுப்பியது ராத்திரித் தூக்கத்துக்கு முகமூடியோடு மாட்டுகிற மலிவான வகை. உள்ளே பேட்டரி இல்லை. கதிர்வேல் அதை இறக்கவே விடவில்லை. "எங்கப்பாவுக்கு ஒத்தாசைக்கு மெஷின் வேண்டாமுங்க. அவருக்கு நரம்பு செத்துத் தசையெல்லாம் கரைஞ்சு போச்சு. இருபத்திநாலு மணி நேரமும் அதுதான் மூச்சு. உயிரைத் தாங்கற வகைன்னு உங்க லிஸ்ட்டுலயே தனியா இருக்குது, அதைக் குடுங்க," என்று மூன்று நாள் போனில் சண்டை போட்டான். இரட்டை வாடகைக்கு அதைக் கொடுத்தார்கள். உள்ளே பேட்டரி, நாலு மணி நேரம் நிற்கும் என்றார்கள். கதிர்வேல் அதையும் நம்பாமல் நடையில் ஒரு இன்வெர்ட்டர் வைத்து, அப்பாவின் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தான். மெஷின் நூறு வாட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒரு ஃபேன். கணக்குப்படி எட்டு மணி நேரம் தாராளம்.

அதனால்தான் இன்று காலை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஷட்டவுன் என்று தெரிந்தும் வேலைக்குப் போனான். அவன் மனைவி மோகனப்பிரியாவும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். கிளம்பும்முன் அப்பாவிடம், "இன்னைக்குக் கரண்ட் இருக்காதுங்கப்பா, மெஷின் பாட்டுக்கு ஓடும், பயப்படாதீங்க," என்றான். கண்ணை ஒரு முறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை. அப்பா இரண்டு முறை மூடினார். எதற்கு இல்லை என்று கேட்க அவனுக்கு நேரம் இல்லை. கடந்த ஒரு வாரமாக அவர் எல்லாவற்றுக்குமே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முத்தூர் ரோட்டில் ஒரு தறிக்கூடத்தில் ஏர் லீக். போனான்.

கதிர்வேல் வாடகைக் கம்பெனிக்காரன் ரூபனோடு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ரூபன் கட்டில் பக்கம் போய் நின்று மெஷினைத் தொடாமல் பார்த்தான்.

"சாரிங்கண்ணா," என்றான். "எனக்குத் தெரியாதுங்க. ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன். திருப்பூர்ல இருந்து."

"ஏன் நின்னுதுன்னு பாருங்க."

ரூபன் கறுப்புப் பையைத் திறந்து மாற்று மெஷினின் பேட்டரியைக் கழற்றி இதில் செருகினான். திரை விழித்தது. "எல்லாம் உள்ள பதிவாகியிருக்குமுங்க. எப்ப என்ன ஆச்சு, எந்த பட்டனை அமுக்குனாங்க, எல்லாமே." இரண்டு மூன்று இடம் தொட்டான். வரிகள் கீழிருந்து மேலே ஏறின. ரூபன் ஒன்றொன்றாகத் தமிழில் சொன்னான்.

"பத்து பத்தொன்பது. வெளிக் கரண்ட் நின்னுருக்குது, பேட்டரிக்கு மாறியிருக்குது. அதே பத்து பத்தொன்பதுக்கு அலாரத்தை ஆஃப் பண்ணியிருக்காங்க. பத்து நாப்பத்தி நாலு, பேட்டரி கொறைவுன்னு அலாரம். அதையும் அமுக்கியிருக்காங்க. பத்து அம்பத்தி மூணு, பேட்டரி தீரப்போகுதுன்னு அலாரம். அமுக்கியிருக்காங்க. பத்து அம்பத்தி ஏழு..."

"நின்னுபோச்சு."

"ஆமாங்க."

"முப்பத்தெட்டு நிமிஷம்."

"ஆமாங்கண்ணா."

"நாலு மணி நேரம்னு சொன்னீங்க."

"புதுசுல நாலு மணி நேரமுங்க. இது பழைய பேட்டரி." ரூபன் அவனைப் பார்க்காமல் பேசினான். "நான் மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன். இந்த பேட்ச் பேட்டரி எல்லாம் செத்துப்போச்சு, மாத்தோணும்னு. அடுத்த மாசம், அடுத்த மாசம்ங்கறாங்க. நீங்க கேஸ் போடுங்கண்ணா. நானே வந்து சொல்றேன். என் வேலை போனாலும் பரவால்ல."

கதிர்வேல் அதைக் கேட்டானே தவிர, அவன் மனசு முதல் வரியிலேயே நின்றிருந்தது. வெளிக் கரண்ட் பத்து பத்தொன்பதுக்கு எப்படிப் போகும்? ஒன்பதுக்கே ஷட்டவுன் ஆகிவிட்டது. இன்வெர்ட்டர் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நடைக்குப் போய்ப் பார்த்தான். சிவப்பு விளக்கு. பேட்டரி முள் முக்கால் வரை நிரம்பியிருந்தது. தீர்ந்துபோகவில்லை. தாங்க முடியாத சுமையை யாரோ ஏற்றியதும் அது பூட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை தானாக முயன்று பார்த்துவிட்டு, கையால் தட்டினால் ஒழிய வராது.

அந்த லைனில் இருப்பது ஒரே ஒரு பிளக் பலகை. அறைக்குத் திரும்பி வந்து அதைப் பார்த்தான். மூன்று துளை. ஒன்றில் மெஷின். ஒன்றில் சளி உறிஞ்சும் மோட்டார். மூன்றாவது காலி. பலகைக்குப் பக்கத்து ஸ்டூலின் மேல், மருந்துப் புட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மிக்சி உட்கார்ந்திருந்தது. ஜார் இல்லை. ஸ்டூலிலும் தரையிலும் தேங்காய்த் துருவல் சிதறியிருந்தது. எறும்பு வந்துவிட்டது.

எழுநூற்றைம்பது வாட்.

வீட்டில் வேறெங்கும் கரண்ட் இல்லை. விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்ட் இருக்கும் ஒரே துளை அப்பாவின் தலைமாட்டில்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் மறுபடியும் தொடங்கியது. புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும். "சட்டினிக்கு மிக்சியப் போட்டேன், அதும் நின்னுபோச்சு..."

கதிர்வேல் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றான். அம்மா ஒளிக்கவில்லை. நாலு மணி நேரமாக ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்ட யாருக்கும் அது புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. மிக்சி நின்றது, ஃபேன் நின்றது, மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் ஓடும் என்று மகன் சொல்லியிருந்தான். சத்தம் வந்தால் இந்தப் பட்டனை அமுக்குங்க என்றும் அவன்தான் சொல்லியிருந்தான். அந்த மெஷின் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்தும். அப்பா இருமினால் கத்தும், குழாய் மடங்கினால் கத்தும். மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். கோபிக்காரர்கள் வாசலில் விடைபெற எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். வாரோமுங்க என்று சொல்லிவிட்டு ஒரு கதை, செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கதை, வண்டியில் ஏறிய பிறகு ஒரு கதை.

ஆம்புலன்சில் இருந்த அந்தச் சாதி மெஷினாக இருந்திருந்தால், பத்து மிக்சி ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை நினைத்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எட்டு மணி நேரம் கணக்குப் போட்டவன், அந்தப் பலகையில் காலியாக இருந்த துளையை ஒரு டேப் ஒட்டி அடைக்கவில்லை. பத்து ரூபாய் டேப். அவன் பையில் எப்போதும் இரண்டு உருளை இருக்கும்.

"பக்கத்துல யாருங்க இருந்தது?" என்று ரூபன் கேட்டான்.

கதிர்வேலின் கண் ஸ்டூலிலேயே இருந்தது. ரூபன் ஸ்டூலைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். சுவருக்கு அப்பாலிருந்து வந்த குரலை அவனும் கேட்டான். பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தப் பதிவை அழிக்க முடியுங்களா?"

"முடியாதுங்கண்ணா."

"யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. கம்ப்ளெயின்ட் வந்தா மட்டும் எடுத்துப் பாப்பாங்க. போலீஸ் கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. கம்பெனி வக்கீல் மொத வரியில இருந்து படிப்பாரு. யாரு அமுக்குனது, கரண்ட் ஏன் போச்சு, எல்லாம் கேப்பாங்க. அம்மாகிட்ட எழுதி வாங்குவாங்க. அப்பாவையும்..." அவன் நிறுத்தினான். "ஜி.எச்சுக்குக் கொண்டு போவாங்க."

"கம்ப்ளெயின்ட் குடுக்கலைன்னா?"

"மெஷினைத் துடைச்சு அடுத்த ஊட்டுக்கு அனுப்புவாங்க. இதே பேட்டரியோட." ரூபனின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "இந்த பேட்ச் பதினோரு மெஷின் வெளிய இருக்குதுங்கண்ணா. நீங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா பதினொண்ணும் மாறும். நான் எழுதுனா குப்பைக்குத்தான் போகுது. செத்தவிய ஊட்டுல இருந்து எழுதுனாத்தான் பயப்படுவாங்க."

"பேரு போடாம எழுதுனா?"

"எந்த மெஷின்னு கேப்பாங்கல்ல?"

மூன்று நாள் சண்டை போட்டு வாங்கிய மெஷின். அதன் மேல் ஒரு நியாயமான புகார் அவன் கையில் இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான புகார் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. நேரம் போட்டு, நொடி போட்டு, எழுத்தில்.

"அமுத்திப் போடுங்க," என்றான். ரூபன் திரையை அணைத்தான்.

கதிர்வேல் மிக்சியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் அதன் இடத்தில் வைத்தான். துடைப்பத்தை எடுத்துவந்து தேங்காயைக் கூட்டி அள்ளினான். ரூபன் நகர்ந்து இடம் விட்டான்.

வாசலில் பொங்கியண்ணன் சொன்ன மாதிரியே அதே இடத்தில் நின்றார். கையில் போன்.

"என்ன மாப்ளே? அடிக்கட்டுமா ஏட்டுக்கு?"

"வேண்டாம் மாமா. மெஷின் மேல தப்பில்ல."

"என்ன?"

"நான் போட்ட இன்வெர்ட்டர்தான் மடங்கிப்போச்சு. லைன் சரியாப் போடலை. மெஷின் பேட்டரிக்குச் சார்ஜே ஏறாம இருந்திருக்குது. அதும் என்ற லைனுதான்."

"சார்ஜ் ஏறலைன்னா உனக்குத் தெரியாதா? தெனமும் பாப்பியே?"

"பாக்கலை."

பொங்கியண்ணன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வயதில் இந்த மாமன்தான் அவனை மேட்டூர் பவர் ஹவுசுக்குக் கூட்டிக்கொண்டுபோய் டர்பைன் காட்டினார். மாப்பிள்ளைக்கு மிஷின் மூளை என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து, ரூபனின் காலரைப் பிடித்த இரண்டு கையையும் துடைத்தார். "அந்தத் தம்பிக்கு டீ கீ ஏதாச்சும் வாங்கிக் குடுத்து அனுப்பு. சட்டையப் புடிச்சுப்போட்டேன்."

அவர் நாற்காலிப் பக்கம் திரும்பி நடந்தார். அங்கே ஒருவர் என்னவென்று கேட்டதற்கு, "அவனே சொல்லிப்போட்டான். அவன் போட்ட லைனாமா," என்பது கேட்டது.

குழாய் இன்னும் எடுக்கப்படவில்லை. கதிர்வேல் சிரிஞ்சோடு அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டான். பெண்கள் விலகிக்கொண்டார்கள். நூலில் தொங்கிய சின்ன பலூனில் சிரிஞ்சின் முனையைப் பொருத்தப் பார்த்தான். இரண்டு முறை வழுக்கியது. எட்டு கிலோ அழுத்தத்தில் ஓடும் லைன்களில் வால்வு மாற்றுகிற கை.

"நான் எடுக்கட்டுங்களா?" என்றான் ரூபன். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து சிரிஞ்சை வாங்கித் திருகி மாட்டினான். பிஸ்டனை மெதுவாக இழுத்தான். எட்டு மில்லி காற்று வந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். குழாய் வளைந்து வெளியே வந்தது. மோகனப்பிரியா பஞ்சை நீட்டினாள். அந்தத் துளையைப் பஞ்சால் மூடிப் பிளாஸ்திரியை ஒட்டிய பிறகு நஞ்சுண்டன் மூன்று மாதத்துக்கு முந்தைய முகத்தோடு இருந்தார்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அழுகையை நிறுத்தியிருந்தாள். ரூபனின் சட்டையில் இருந்த கம்பெனிப் பேரைப் படித்தாள். பிறகு மகனின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"கண்ணு. மெஷினு கத்துச்சு சாமி."

"ம்."

"மூணு தடவை கத்துச்சு. நான் அமுக்குனேன்."

"சரிங்கம்மா."

"அமுக்குனது தப்பில்லியே?"

ரூபன் காலிச் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்கம்மா. நான் சொன்னாப்புலதான அமுக்குனீங்க."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். அம்மா மறுபடியும் கோபிக்காரர்கள் வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

ரூபனின் ஆம்னி வேன் சந்துக்குள் நின்றது. கதிர்வேல் பழைய மெஷினைத் தூக்கிவந்து பின்சீட்டில் வைத்தான். ரூபன் மாற்று மெஷினைப் பக்கத்தில் வைத்தான். டீ வேண்டாம் என்றுவிட்டான். திரும்பக் கொடுத்ததற்கான தாளில் கதிர்வேல் கையெழுத்துப் போட்டான். 'மெஷினின் நிலை' என்ற இடத்தில் ரூபன் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். ஒன்றும் எழுதாமல் மடித்தான்.

"மூலனூர் ரோட்டுல இன்னொண்ணு இருக்குதுங்கண்ணா," என்றான், கதவை இழுத்துச் சாத்தியபடி. "அந்தப் பதினொண்ணுல ஒண்ணு. பூஜிதான்னு ஒரு பொண்ணு. காலேஜ் படிச்சுட்டு இருந்தது. ஸ்கூட்டர்ல இருந்து உழுந்து கழுத்து போயிருச்சு."

கதிர்வேல் நிமிர்ந்தான். "அங்கயும் இன்னைக்கு ஷட்டவுன்தான?"

"இதே லைன்தானுங்க. அஞ்சு மணி வரைக்கும்."

"அவிய ஊட்டுல இன்வெர்ட்டர் இருக்குதா?"

"இருக்குது. சின்னது. காலையில போன் பண்ணுனேன், ஓடுதுன்னாங்க."

மணி மூன்றேகால்.

"இந்த மாத்து மெஷின் பேட்டரி?"

"புதுசு. போன மாசம்தான் போட்டது."

"இதை அங்க கொண்டுபோயிக் குடுத்துருங்க."

"ஆபீஸ்ல கேக்கோணுமுங்க."

"கேக்காதீங்க. பிளக் பலகையில காலித் துளை ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க. இருந்தா அடைச்சுப்போடுங்க." பையிலிருந்து ஒரு டேப் உருளையை எடுத்து வேனின் டேஷ்போர்டில் வைத்தான். "போங்க."

ரூபன் வண்டியை எடுத்தான். அதே நேரத்தில் எதிரில் சந்துக்குள் ஃப்ரீசர் பெட்டி வண்டி நுழைந்தது. அக்கா ரித்திகா பெங்களூரிலிருந்து வந்து சேர ராத்திரியாகும், அதுவரை வைக்கப் பெட்டி. மேலே ஜெனரேட்டர் கட்டியிருந்தது. சந்தில் ஒரு வண்டிதான் போகும். இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. ரூபன் கையைக் காட்டி நீங்க வாங்க என்றான். பெட்டி வண்டி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பரவால்லீங்க, நீங்க மொதல்ல போங்க," என்றான். "இல்லீங்க, உங்களுக்குத்தான் அவசரம்." "அட, எனக்கென்னங்க அவசரம்." இரண்டு பேரும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எந்த வண்டியும் நகரவில்லை.

"ஏய், பொட்டிய உள்ள உடுங்கப்பா!" என்று பந்தலிலிருந்து பொங்கியண்ணன் கத்தினார். "புழுக்கத்துல கெடக்குது மச்சான். மொதல்ல பொட்டி வரட்டும். அந்த வேனைப் பின்னால எடுக்கச் சொல்லு!"

கதிர்வேல் பெட்டி வண்டியைச் சுற்றி அதன் பின்பக்கம் போனான். ரோட்டைப் பார்த்தான். கரூர் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, அது போகட்டும் என்று நின்றான். பிறகு பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஏனுங்க, பின்னால எடுங்க. நான் பாத்துக்கறேன். வாங்க. வாங்க. ஒடிச்சு வாங்க."

டிரைவர் தயங்கினான். "உங்க ஊட்டுக்குத்தானுங்க பொட்டி."

"தெரியுமுங்க. எடுங்க."

"டேய் கதிரு!" என்றார் மாமன்.

வண்டி அவனை நோக்கிப் பின்னால் வந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டி குலுங்கியது. அவன் ஒரு கையை அதன் கதவில் வைத்து, அதோடு சேர்ந்து பின்பக்கமாகவே நடந்தான். "வரலாம். வரலாம். இன்னும் வரலாம்." தார் ரோட்டில் கால் பட்டதும் இன்னொரு கையை நீட்டி, வருகிற லாரியை நிறுத்தினான். "போதும்."

ஆம்னி வேன் சந்திலிருந்து வெளியே வந்து மூலனூர் பக்கம் திரும்பியது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கதிர்வேல் கையை இறக்கவில்லை.